கைக்கு எவ்வளவு?

சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, எண்ணூரைத் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றின் கழியையும் கடந்தால், அத்திப்பட்டுப் புதுநகர் என்று ஒரு நிலையமும் அதை அடுத்து அத்திப்பட்டு என்று ஒரு நிலையமும் வரும். பெயரைக் கேட்டதும் நேயர்களில் சிலர், "அடடா, அது சினிமாவில் காணாமற்போன ஊர் அல்லவா?" என்று கேட்கக்கூடும். 2001-ம் வருஷத்தில் வந்த 'சிட்டிசன்' படத்தில், சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்தே துடைத்தெறியப்பட்ட ஊர் அத்திப்பட்டி. நாம் சொல்வது அத்திப்பட்டு. இது வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது. இத்தனை பெரிய புகைபோக்கிகளை வைத்துக்கொண்டு ஓர் ஊர் காணாமற்போவது அவ்வளவு சுலபமல்ல.

அங்கே நமக்கு ஒரு நண்பர் உண்டு. முப்பத்தைந்து வருஷம் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பென்சிலை எடுத்துக் காதில் செருகாமல் அவரால் காப்பி கூடக் குடிக்க முடியாது. அவரைப் பார்க்கத்தான் சென்ற வாரம் பிரயாணம் செய்தோம்.

வண்டியில் நமக்கு எதிரே மீன் கூடையுடன் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மீஞ்சூருக்குப் போகிறாராம். பேச்சுக் கொடுத்ததில், தொழிலுக்கு முதல் ஏது என்ற விஷயம் வந்தது.

"தண்டல் ஐயா. பேரு பத்தாயிரம். கைக்கு ஒம்போதாயிரம்."

வட சென்னையில் தண்டல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று நோட்டில் எழுதுவார்கள். ஆயிரத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டு 9,000 ரூபாய் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய் வீதம் 100 நாட்களில் பத்தாயிரத்தையும் வசூலித்துவிடுவார்கள்.

"நூற்றுக்குப் பத்து வட்டிதானே?" என்றோம், ஏதோ பெரிய நிதி நிபுணரைப்போல. அந்த அம்மாள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னவர் நண்பர்தான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னோம். காதிலிருந்து பென்சில் இறங்கியது. "நூற்றுக்குப் பத்து என்று யார் சொன்னது? வாங்கின 9,000 ரூபாயும் நூறு நாள் அவர் கையில் இருந்ததா? மறுநாளே 100 ரூபாய் போய்விட்டது. ஐம்பதாவது நாள் பாதிக்கு மேல் போய்விட்டது. சுமாராக 4,500 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு ஆயிரம் ரூபாய் வட்டி. வருஷத்துக்குப் போட்டுப் பாரும்" என்று சொல்லி, பழைய காலண்டர்த் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். நாள்வாரியாகக் கூட்டிக் கழித்து அவர் கண்டுபிடித்த வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 75-க்கும் மேலே! நோட்டில் எழுதியிருக்கும் ஒவ்வோர் எண்ணும் சத்தியமான எண். பத்தாயிரம் சரி, நூறு சரி, நூறு நாளும் சரி. ஆனாலும் நாம் ஏமாந்துபோனோம்.

கணக்கில் பொய் சொல்கிறவர்களைப்பற்றி நாம் இங்கே எழுத வரவில்லை. அது வேறு ஜாதி. 1906-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியதும், அதை நம்பிப் பணம் போட்ட விதவைகளும் உத்தியோகஸ்தர்களும் தெருவுக்கு வந்ததும், அடுத்த வருஷமே நம்மவர்கள் இந்தியன் வங்கியை ஆரம்பித்ததும் நமக்குத் தெரிந்த சரித்திரம். நம் காலத்தில், 2009 ஜனவரி 7-ந் தேதி, ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக்கு ரொக்கமும் பாங்கி இருப்புமாக ஐந்தொகையில் காட்டியிருந்தது 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஐந்தொகையில் தணிக்கையாளர்களின் கையெழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தது. பணம் ஒன்றுதான் இல்லை. இம்மாதிரிப் பொய்களுக்குப் போலீஸும் கோர்ட்டும் இருக்கின்றன. உண்மையான எண்களால் ஏமாறுகிறவனுக்குத்தான் புகார் கொடுக்க ஓர் இடமில்லை.

நண்பர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் புகைபோக்கிகள் தெரிகின்றன. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் பகுதி 1994-லிருந்து 1996-க்குள் வந்தது. தலா 210 மெகாவாட் வீதம் மூன்று யந்திரங்கள். பிறகு 600 வீதம் இரண்டு. ஆக 1,830. பக்கத்தில் வல்லூரில் மத்திய சர்க்கார் ஸ்தாபனமும் மின்வாரியமும் கூட்டுச் சேர்ந்து கட்டியது 1,500. 2024 மார்ச்சில் திறந்துவைத்தது இன்னொரு 800. ஊர் முழுவதும் கேட்டால் இந்த எண்களைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

"சார், இதெல்லாம் பாத்திரத்தின் அளவு. ஒரு படி பிடிக்கும் பாத்திரம் என்றால், உள்ளே ஒரு படிக் காப்பி இருக்கிறது என்று அர்த்தமா?" என்றார் நண்பர். யந்திரம் பழுதானால் பாத்திரம் காலி. நிலக்கரி வராவிட்டாலும் காலி. ஆனால் கட்டுவதற்கு வாங்கிய கடனின் வட்டி முழுப் பாத்திரத்துக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வரும்படியோ ஊற்றின காப்பிக்கு மட்டுந்தான். மின்சாரக் கணக்கைப் படிக்கிறவர்கள் முதலில் தவறி விழும் குழி இது என்பது நண்பரின் அபிப்பிராயம்.

அடுத்த குழி இன்னும் ஆழமானது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு 'உதய்' என்ற மத்திய சர்க்கார் திட்டத்தில் சேர்ந்தது. அப்போது டான்ஜெட்கோ என்று பெயர் பெற்றிருந்த மின்வாரியத்தின் கடனில் 30,420 கோடி ரூபாய் கணக்கில் எடுக்கப்பட்டது. அதில் முக்காற் பங்கு, அதாவது 22,815 கோடி ரூபாயை, மாநில சர்க்கார் ஏற்றுக்கொண்டது. வாரியத்தின் பேரேட்டில் பார்த்தவர்கள், "ஆகா, கடன் எப்படி இளைத்துவிட்டது!" என்று சந்தோஷப்பட்டிருக்கலாம்.

இதை நம் வீட்டு வழக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். மளிகைக் கடையில் நம் பெயரில் நாலாயிரம் ரூபாய் பாக்கி. கடைக்காரர் முறைத்துப் பார்க்கிறார். நம் வீட்டு அம்மாள் சிபாரிசு செய்து அதில் மூவாயிரத்தைத் தம் பெயருக்கு மாற்றி எழுதச் சொல்கிறார். அன்று மாலை நாம் கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். நம் பாக்கி ஆயிரந்தான். ஆனால் வீட்டில் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தால் ஒரு மணி அரிசியாவது கூடியிருக்குமா? உள்ளதைச் சொல்லவேண்டும்: அம்மாளுக்குக் கடையில் மதிப்பு அதிகம், ஆகையால் வட்டி குறையும். சர்க்காருக்கும் அப்படியே, வாரியத்தைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். அந்த மட்டில் லாபந்தான். அதற்காகக் கடனே தீர்ந்துவிட்டதாக மேளம் கொட்ட முடியாது.

அப்படிப் பெயர் மாறிய கடன் எங்கே போய்ச் சேரும்? சர்க்காரின் பொதுக்கடனில் சேரும். அந்தப் பொதுக்கடன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை 2021 ஆகஸ்ட் 9-ந் தேதி நாமெல்லோரும் தெரிந்துகொண்டோம்.

அன்று நிதி மந்திரியாக இருந்த பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதி நிலைமையைப்பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். மாநிலத்தின் கடன் 5,70,189 கோடி ரூபாய். குடும்பங்கள் 2 கோடியே 16 லட்சம். ஆகவே ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இருப்பது 2,63,976 ரூபாய்! வகுத்தல் கணக்கில் பிழை கிடையாது. நாமே போட்டுப் பார்த்தோம். ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று எத்தனை வீடுகளில் தூக்கம் கெட்டதோ! வாழ்நாளில் ஒரு பைசா கடன் வாங்கமாட்டேன் என்று விரதம் இருந்தவர்கள் கூட, ராத்திரி படுக்கும்போது இரண்டரை லட்சத்துக்கு மேல் கடன்காரர்களாகப் படுத்தார்கள். நாமக்கல் பக்கத்தில் ஒருவர், "என் குடும்பத்துப் பங்கு இதோ" என்று அந்தத் தொகைக்குக் காசோலை எழுதி எடுத்துக்கொண்டு சர்க்கார் அலுவலகத்துக்கே போய்விட்டார் என்றும், அதிகாரிகள் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள் என்றும் பத்திரிகையில் வாசித்தோம். அவரைப்பற்றிச் சிலர் சிரித்தார்கள். எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

சர்க்கார் என்பது குடும்பமல்ல. அதன் கடனுக்கு எதிரே அணைகளும் சாலைகளும் இந்த மின் நிலையங்களும் நிற்கின்றன. கடன் பெரிதா, சிறிதா என்பதை மாநிலத்தின் மொத்த வரும்படியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். இதெல்லாம் நிதி மந்திரிக்குத் தெரியாததல்ல. வெள்ளை அறிக்கையிலேயே அந்த விகிதாசாரங்களும் பக்கம் பக்கமாக இருந்தன. ஆனால் ஜனங்கள் மனத்தில் தைத்தது அந்த ஒரே ஓர் எண்தான். முந்திய ஆட்சி வைத்துவிட்டுப்போன கடனைச் சொல்லும்போது, 'தலைக்கு இவ்வளவு' என்று சொன்னால்தானே தைக்கும்!

இனி, கொடுக்கும்போது எப்படிச் சொல்வார்கள் என்று பார்ப்போம். இதற்காக அத்திப்பட்டைவிட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை. நண்பர் வீட்டிலிருந்து எண்ணூர்க் கழிக்குப் போனால் போதும்.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் அடித்தது. மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுவதும் பரவியது. படகு கறுத்தது, வலை கறுத்தது. பிடித்த மீனை வாங்க ஆளில்லை. சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. 8 கோடியே 68 லட்ச ரூபாய்! தலைப்பைப் படித்தவர்கள், "பரவாயில்லையே, கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள்" என்று நினைத்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. கோடி என்ற சொல்லுக்கே ஒரு கும்பகோணம் வெற்றிலையின் மணம் உண்டு. வாயில் போட்டதும் தலை லேசாகக் கிறங்கும்.

நண்பர் பென்சிலை எடுத்தார். பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். மேற்கொண்டு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. படகுகள் 787, ஒவ்வொன்றையும் சீர்செய்யப் பத்தாயிரம். கூட்டினால் 8 கோடியே 68 லட்சத்துச் சொச்சம் சரியாக வருகிறது. அதிகம் பெற்ற குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் தொழில் இல்லை, வீட்டில் நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 104 ரூபாய். அதில்தான் சாப்பாடு, அதில்தான் மருந்து, அதில்தான் தண்டல்காரருக்கு அன்றன்று கட்டவேண்டிய நூறும்.

கடனென்றால் மொத்தத்தை மறைத்துத் தலைக்கு இவ்வளவு என்கிறார்கள். கொடையென்றால் தலைக்கு இவ்வளவு என்பதை மறைத்து மொத்தத்தைச் சொல்கிறார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இது இப்படித்தான். கம்பெனிகளும் இதில் சளைத்தவையல்ல. தொழிற்சாலை திறக்கும்போது எத்தனை ஆயிரம் கோடி முதலீடு என்று பத்திரிகையில் முழுப் பக்கம் வரும். உள்ளூர்ப் பையன் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை என்று கேட்டால் விளம்பரத்தில் இடமில்லாமற் போய்விடும்.

சராசரியைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவே என்று கணக்குப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு இறங்கிய கணக்குப்பிள்ளையின் கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் மின் நிலையங்கள், நடுவில் மீன்பிடிக் குப்பங்கள். எல்லோருடைய வருமானத்தையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கிச் சராசரி எடுத்தால் குப்பத்துக் கிழவரும் தனவந்தராகிவிடுவார். அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருக்கும்.

பேச்சு இந்த இடத்துக்கு வந்தபோது நண்பரின் குரல் மாறியது. இவ்வளவு நேரமும் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர், சாம்பலைப்பற்றிப் பேசத் தொடங்கினார்.

மின் நிலையத்துக்கு நிலக்கரி ஒடிஸாவிலிருந்து கப்பலில் வருகிறது. டன் டன்னாக நிறுத்து எழுதுகிறார்கள். எரித்தால் சாம்பல் மிஞ்சுகிறது. உலர்ந்த சாம்பலைச் சிமெண்டு ஆலைக்கு விற்றால் அது வரவு. ரசீது போட்டுப் பேரேட்டில் ஏறிவிடும். மிச்சச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்களில் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து அது கொசஸ்தலை ஆற்றிலும் கழியிலும் கொட்டியதைப்பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குகள் நடந்திருக்கின்றன. கழியின் ஆழம் குறைகிறது. இறால் தேடிக் கழியில் இறங்குகிறவர்கள் சேற்றுக்குப் பதிலாகச் சாம்பலை மிதிக்கிறார்கள். அந்தச் சாம்பல் எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் ஏறும்?

"ஏறாது, சார்" என்றார் நண்பர். "விற்ற சாம்பல் வரவு. கொட்டின சாம்பல் கணக்கிலேயே இல்லை. அதனால்தான் நிலக்கரி மின்சாரம் யூனிட் இவ்வளவு மலிவு என்று புஸ்தகத்தில் வருகிறது. பாக்கியை மீன்காரர்கள் கட்டுகிறார்கள். அவர்களிடம் ரசீதுப் புஸ்தகம் கிடையாது."

இதைக் கேட்டபோது நமக்கு ஜே. ஸி. குமரப்பாவின் ஞாபகம் வந்தது. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அதையே தொழிலாக நடத்தியவர் அவர். 1929-ல் மகாத்மாவைச் சந்தித்த பிறகு கம்பெனிக் கணக்குகளை விட்டுவிட்டுத் தேசத்தின் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார். இந்தியாவின் பொதுக்கடன் என்று பிரிட்டிஷார் எழுதி வைத்திருந்ததை ஆராய 1931-ல் காங்கிரஸ் ஒரு கமிட்டி ஏற்படுத்தியபோது அதிலும் அவர் இருந்தார். இந்தியாவுக்கு வெளியே பிரிட்டன் நடத்திய யுத்தங்களின் செலவும், 1857-ல் நம்மவர்களை அடக்குவதற்கான செலவும் நம்முடைய பற்றிலேயே எழுதப்பட்டிருந்தன. அடி வாங்கினவனே தடிக்கும் விலை கொடுக்கவேண்டும் என்ற சாஸ்திரம்! கூட்டல் கழித்தலில் பிழை கண்டுபிடிக்க வெள்ளைக்காரனுடைய குமாஸ்தாவே போதும். கமிட்டி கேட்டது வேறு கேள்வி: இந்தச் செலவை யாருடைய பேரேட்டில் எழுதினீர்கள்?

தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளைக்காரனும் போய்விட்டான். அனல்மின் நிலையம் நம்முடையது, சர்க்கார் நம்முடையது, பேரேடும் நம்முடையதுதான். மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே மின் விளக்கின் அடியில் எழுதப்பட்டதுதான். 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவும் வருகிறது. சீட்டில் அந்த 100 யூனிட்டுக்கு நேரே பூஜ்யம் போட்டிருப்பதைப் பார்த்து நாமும் மகிழ்ந்திருக்கிறோம். அந்தப் பூஜ்யத்தின் மிச்சம் கொஞ்சம் சர்க்காரின் மானியக் கணக்கில் இருக்கிறது. கொஞ்சம் கழியில் கிடக்கிறது. சர்க்காரின் பங்கைப் பட்ஜெட்டில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கழியில் கிடப்பதைத் தெரிந்துகொள்ள அத்திப்பட்டுக்கு ரயில் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டோம். நண்பர் அந்தக் காலண்டர்த் தாளை மடித்து நம் சட்டைப் பையில் வைத்தார். திரும்பி வந்த வண்டியில், தெய்வாதீனமாக, காலையில் பார்த்த அதே அம்மாள் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் உளறியதற்குப் பிராயச்சித்தம் செய்ய இதுவே சமயமென்று நினைத்து, தாளை எடுத்துக் காட்டினோம்.

"அம்மா, நீங்கள் வாங்கியிருக்கும் தண்டலுக்கு வட்டி நூற்றுக்குப் பத்து அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தோம். வருஷத்துக்கு எழுபத்தைந்துக்கும் மேலே வருகிறது!"

அந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். அதன் முன்பக்கத்தில் இருந்த முருகன் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"அது கெடக்கட்டும் ஐயா. பாங்கியில போய்க் கேட்டா எனக்குக் கைக்கு எவ்வளவு தருவாங்க? அத்தப் போட்டுப் பாத்தீங்களா?"

எண்ணூர் வந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.